14,500 ரூபாய் கொடுத்து தெர்மல் ஸ்கேன் எடுத்தேன், 19-ஆம் நாள் பேனல் கருகியது

நேற்று சாயங்காலம் எங்கள் நிட்டிங் யூனிட்டின் மெயின் பேனலில் பி ஃபேஸ் லக் (மூன்று ஃபேஸ்களில் ஒன்றின் கேபிள் முனையைப் பிடிக்கிற உலோகத் துண்டு) எரிந்துவிட்டது. பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் வந்ததுமே சூப்பர்வைசர் மெயினை இறக்கியதால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரேக்கர் போச்சு, கேபிள் முனை போச்சு.

எரிச்சல் அதற்காக இல்லை. 19 நாள் முன்னாடிதான் ‘எங்கேயாவது சூடாகிறதா’ என்று, சூட்டைப் படமாகக் காட்டும் கேமராவில் பார்க்க 14,500 ரூபாய் அழுதிருக்கிறேன். சர்வீசுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஆப்பில் புக் செய்தது. வந்த பையன் சுவரில் உள்ளங்கையை வைத்து எடுத்தான். கேமராத் திரையில் விரல் விரலாகக் கைத்தடம் பளபளவென்று தெரிந்தது. "தொட்ட சூடே இப்படித் தெரியுதுன்னா லூஸ் கனெக்‌ஷன் தப்புமா சார்?" என்றான். அங்கேயே விழுந்துவிட்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு மெஷினும் ஓடவில்லை. பேனலுக்குள் இருக்கும் அக்ரிலிக் கவரைக்கூட அவன் கழற்றவில்லை. ரிப்போர்ட்டில் 22 படம், எல்லாம் நீலம். மூன்று ஃபேஸும் 31 டிகிரி, ‘நார்மல்’. ஆம்பியர் கட்டம் காலி.

எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். கரன்ட் ஓடினால்தானே லூஸ் ஜாயின்ட் சூடாகும்? பாதி லோடில் கால்வாசிச் சூடுதான் வரும், லோடே இல்லையென்றால் பூஜ்யம். அக்ரிலிக்கைத் தாண்டி அந்தக் கேமரா பார்க்கவும் பார்க்காதாம். அப்போ அந்த 31 டிகிரி கவரோட சூடு! அதற்கு 14,500!

அந்தப் பையனுக்குப் போன் செய்தால் முதலில் "லோடு ஏறியிருக்கும் சார்". அப்புறம் "கடைசிப் பக்கத்தைப் படிங்க, ஸ்கேன் எடுத்த நேரத்து நிலைமை மட்டும்னு போட்டிருக்கு". ஆப்பில் புகார் கொடுத்தால், வேலை முடிந்ததாக நான் ஓடிபி சொல்லிவிட்டேனாம், பணம் திரும்ப வராதாம். 14,500 ரூபாய்!

எப்படி ஆள் பிடிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. மெஷின் எல்லாம் ஓடும்போது வரச் சொல்லுங்கள். கவரைக் கழற்றி எடுக்கச் சொல்லுங்கள், தெரிந்த ஆள்தான் கழற்ற வேண்டும், நீங்கள் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு ஃபேஸிலும் எத்தனை ஆம்பியர் என்று கிளாம்ப் மீட்டரில் (கேபிளைக் கவ்விக் கரன்ட்டை அளக்கிற மீட்டர்) பார்த்து எழுதாத ரிப்போர்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். பளபளக்கிற செம்பு சூடானாலும் கேமரா குறைவாகத்தான் காட்டும், அதையும் கேளுங்கள். ஓடிபியைக் கடைசியில் சொல்லுங்கள்.

இதை எழுதும்போதே அவனுக்கு இன்னொரு முறை போன் அடித்துப் பார்த்தேன். கட் செய்துவிட்டான்.