மெரினா மணலுக்கு எந்தச் சக்கரம்?

மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022 நவம்பரில், என்னைப் போல வீல்சேரில் போகிறவர்களும் கடலருகே போக, 263 மீட்டர் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் கடலோர முனையைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். கரையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்த பிறகுதான் அலை வரைக்கும் போகும் ஆசை எனக்குக் கூடியது. பாதை முடிந்ததும் மணல். வீல்சேரின் முன்பக்கச் சின்னச் சக்கரங்கள் மணலைக் கண்டதும் மூக்கைப் புதைத்துக்கொள்ளும்.

வழி இரண்டு. ஒன்று, பலூன் டயர், அதாவது மணலில் புதையாத பருத்த டயர், போட்ட கடற்கரை நாற்காலி. இன்னொன்று, நம் வீல்சேரின் கால்பலகையில் மாட்டும் 12 அங்குல முன்சக்கரம். சின்னச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிடும். நான் வாங்கியது இரண்டாவது.

மணலில் மிதப்பதில் பலூன் டயரை அடிக்க ஆளில்லை. விலை அதிகம், ஆட்டோவில் ஏறாது, தள்ள ஒருவர் வேண்டும். இதெல்லாம் தெரிந்ததே. என்னை முடிவெடுக்க வைத்தது கழுவுகிற வேலை. உப்பும் மணலும் பட்ட எந்தச் சக்கரத்தையும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, பேரிங்கைக் கவனிக்க வேண்டும். மாடி வீட்டில் அத்தனை பெரிய நாற்காலியை எங்கே வைத்துக் கழுவுவது? முன்சக்கரம் ஒரு வாளிக்குள் அடங்கிவிடும்.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம்: தினமும் உட்காரும் நாற்காலியே மணலுக்குள் போகிறது. முதல் தடவை அலுப்பில் கழுவாமல் படுத்துவிட்டேன். மறுநாள் பின்சக்கரத்தைக் கழற்ற அச்சின் பட்டனை அமுக்கினால், உள்ளே போகாமல் நறநறவென்றது. அரை மணி நேரம் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷோடு மல்லுக்கட்டினேன். இப்போதெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் கழுவல்தான்.

மரப்பாதையில் காற்று கொண்டுவந்து கொட்டும் மணலை இந்த முன்சக்கரம் சுலபமாகத் தாண்டும். காய்ந்த பொலபொல மணலில் மட்டும் மச்சான் கை கொடுக்க வேண்டும். நாற்காலியைத் திருப்பி, பின்னோக்கி இழுத்தால் எளிது. ஈர மணல் கெட்டி, அங்கே நானே உருட்டிக்கொள்வேன். மடக்கு நாற்காலிக்குத் தனி இணைப்பு தேவைப்படலாம். என்னுடையது மடங்காதது, அதனால் அந்த அனுபவம் இல்லை. மலைப்பாதையிலும் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.

கடலுக்குள்ளேயே இறங்கணும் என்பவர்கள் பலூன் டயர் பக்கம் போங்கள். நான் ஈர மணலின் விளிம்பிலேயே பிரேக் போட்டுவிடுகிறேன். பெரிய அலை வந்தால் கால் நனைகிறது.