மேக்னைட்: ஏஎம்டியா, சிவிடியா?

ஒரகடம் ஆலையில் தயாராகும் நிசான் மேக்னைட் காரில் தானியங்கி கியர் இரு வகையாகக் கிடைக்கிறது: 72 குதிரைத்திறன் கொண்ட, டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்திச் செலுத்தும் அமைப்பு) இல்லாத 999 சிசி இன்ஜினுடன் ஏஎம்டி, 100 குதிரைத்திறன் தரும் டர்போ இன்ஜினுடன் சிவிடி.

ஏஎம்டி என்பது அடிப்படையில் நாம் அறிந்த மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை இயக்கி கியரை மாற்றும் வேலையை மட்டும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஓர் இயந்திர அமைப்பு செய்கிறது. விலை குறைவாக இருப்பதன் காரணமும் அதுவே. ஆனால் முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும் கணத்தில் இழுவை அறுபட்டு, தலை சற்றே முன்னே சாய்ந்து மீள்வதை உணரலாம். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை லேசாகத் தளர்த்தினால் குலுக்கல் பெருமளவு அடங்கும் (இது பழகச் சில நாட்கள் பிடிக்கும்). மேம்பால ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் கிளட்ச்சைத் தாங்களே தேய்க்கிறார்கள்.

சிவிடியில் கியர்ப் படிகளே இல்லை. இரண்டு கப்பிகளைச் சுற்றி ஓடும் உலோகப் பட்டை, அவற்றின் அகலம் மாறுவதற்கேற்ப ஏறி இறங்குவதால் வேகம் ஒரே சீராகக் கூடுகிறது. திடீரென அழுத்தி மிதித்தால் இன்ஜின் இரைச்சல் முந்திக்கொள்ளும், வேகம் பின்னால் வரும். கியர்பாக்ஸ் ஆயிலையும் உரிய காலத்தில் மாற்றியாக வேண்டும்.

நாள்தோறும் கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்து செல்வோருக்கு சிவிடிக்கான கூடுதல் விலை தகும் என்பது என் கருத்து. வாரம் இருமுறை கடைத்தெருவுக்குப் போய்வர ஏஎம்டியே போதும்.