தட்டில் குறையில்லை, வாயில்தான் எல்லாம்

என் 2 டி.பி. ஹார்டு டிஸ்க் தஞ்சாவூரில் பழுது பார்க்கப்பட்டு நேற்றுதான் வீட்டுக்கு வந்தது. அதே மாடல் டிஸ்க் இப்போது விலை இறங்கியிருக்கிறதாம். "வாங்கட்டுமா மாமா?" என்று மைத்துனர் மகன் கேட்கிறான். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு வருடமாகத் திருவாரூர் ஆழித்தேர், தாராசுரம் சிற்பங்கள், தரங்கம்பாடிக் கோட்டை என்று நான் எடுத்த படமெல்லாம் இதில்தான் இருக்கிறது. பஸ்ஸின் மேல்தட்டில் குலுங்கியிருக்கிறது, ஐப்பசி ஈரத்தில் கிடந்திருக்கிறது. உள்ளே சுழலும் தட்டு ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை. இதை மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் கேபிள் செருகும் அந்த வாய்! பட்டையாக, இரண்டு துண்டாகப் பிரிந்த மைக்ரோ-பி வாய். இரண்டாம் வருடமே ஆட்டம் கண்டுவிட்டது. ஒரு தை மாதம் கோடியக்கரையில் பூநாரைகளை எடுத்துவிட்டு, இரவு வேதாரண்யம் விடுதியில் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி ஏறியிருக்கும். லேப்டாப்பைச் சற்றே திருப்பினேன், கேபிள் ஒரு நூல் அசைந்தது, டிஸ்க்கின் விளக்கு அணைந்தது. மறுபடி செருகிப் பார்த்தால் கோப்புறையின் பெயர் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. டிஸ்க்கை நான் எக்ஸ்பேட் என்ற கோப்பு முறையில் பார்மட் செய்திருந்தேன். நடுவில் இணைப்பு அறுந்தால் விட்ட இடத்தைச் சரிசெய்துகொள்ளும் பதிவேடு அந்த முறையில் கிடையாது. மெமரி கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். வீடு வந்து சேரும்வரை கார்டை அழிப்பதில்லை என்று அன்றிரவே முடிவு செய்தேன்.

இணையத்தில் ஏற்றலாமே என்பார்கள். கேமராவின் மூலப்படமான ரா கோப்பு ஒன்று 25 எம்.பி. என்றால் 600 படத்துக்கு 15 ஜி.பி. ஆகிறது. நாளுக்கு 2 ஜி.பி. தரும் போன் திட்டத்தில் ஒரு நாள் படத்தை ஏற்றவே ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். தேர்ந்தெடுத்த இருபது முப்பது படங்களை மட்டும் இரவில் ஏற்றுகிறேன்.

தஞ்சாவூரில் பழுது பார்த்த கடைக்காரர் டிஸ்க்கின் மூடியைத் திறந்து பூதக்கண்ணாடி வழியே காட்டினார். பற்றவைத்த ஈயத்தில் மயிரிழை விரிசல். அதைவிட என்னைக் கொதிக்கவைத்தது வேறு. அந்த வாயை டிஸ்க்கின் சொந்தப் பலகையிலேயே பற்றவைத்திருக்கிறார்கள். டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் வழக்கமான சாட்டா முனையே இல்லை. வாய் போனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு உறையில் மாட்டிப் படிக்க வழியில்லை. பத்திரப்படுத்துவதற்கென்றே விற்கும் பொருளை இப்படியா செய்வது?

ஆகவே தம்பி, வாங்காதே. ஊர் சுற்றுவதற்கு டைப்-சி வாய் உள்ள சிறிய எஸ்.எஸ்.டி. வாங்கிக்கொள். அதில் சுழலும் பாகம் இல்லை, குலுக்கலுக்கும் அஞ்ச வேண்டாம். அதிலும் ஒரு நகல், கார்டிலும் ஒரு நகல் இருக்கட்டும். இரண்டையும் ஒரே பையில் வைக்காதே. கார்டு என் சட்டைப்பையில், டிஸ்க் உன் அத்தையின் கைப்பையில், இப்படித்தான் நாங்கள் பஸ் ஏறுகிறோம்.

என் டிஸ்க்கை விற்கிறாயா என்று கடைக்காரர் கேட்டார். மாட்டேன் என்றேன். பங்குனியில் அதுவும் எங்களோடு திருவாரூர் வரும்.