அடுத்த ஆண்டு பிக் என்ன விலை? கணினி அணிகளின் மூன்று கணக்குகள்

விளையாட்டு அணியை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் கேம்களில், டிரேடில் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் பேரம்) ஒரு டிராஃப்ட் பிக்கை, அதாவது புதிய வீரரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வைத்ததும் எதிரே இருக்கும் கணினி அணி அதற்கு ஒரு மதிப்பெண் போடுகிறது. பொதுவாக, மோசமாக ஆடிய அணிக்கே முன்வரிசை பிக் கிடைக்கும். நடப்பு ஆண்டு பிக் என்றால் எந்தக் கேமிலும் அந்த மதிப்பெண் ஓரளவு நியாயமாகவே இருக்கும். வண்டவாளம் தெரிவது அடுத்த ஆண்டு பிக்கில்தான்.

முதல் வகை, நிலையான அட்டவணை. அமெரிக்கன் ஃபுட்பாலில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி 1990-களின் தொடக்கத்தில் பயன்படுத்திய, அதன் பயிற்சியாளர் பெயரிலான ஜிம்மி ஜான்சன் அட்டவணைதான் இதற்கு மூதாதை. முதல் பிக் 3000 புள்ளி, இரண்டாவது 2600, 6-வது 1600, 16-வது 1000, 32-வது 590. 6-வது பிக்குக்கு 16-ஐயும் 32-ஐயும் சேர்த்துக் கொடுத்தால் 1590, பேரம் படிந்துவிடும். உச்சியில் இருக்கும் பிக்குகளுக்குத் தகுதிக்கு மேல் விலை போகிறது என்று ஆய்வாளர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் ஆய்வு செய்து காட்டினார்கள். ஆகவே இந்த வகைக் கேமில் முதல் பிக் கையில் கிடைத்தால் விற்றுவிடுவதே லாபம்.

பெரிய ஓட்டை வேறு. அட்டவணைக்கு வரிசை எண் வேண்டும்; அடுத்த ஆண்டு பிக்குக்கு அது இன்னும் பிறக்கவில்லை. ஓராண்டு தள்ளிப்போனால் ஒரு ரவுண்டு (32 அணிகளும் ஒரு முறை தேர்ந்தெடுக்கும் சுற்று) கழிவு என்பது அமெரிக்கன் ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லின் வழக்கம். அதாவது அடுத்த ஆண்டு முதல் ரவுண்டு பிக், இந்த ஆண்டு இரண்டாம் ரவுண்டின் நடுவில் வரும் 48-வது பிக்குக்குச் சமம்: 420 புள்ளி. நிஜ மேனேஜருக்கு இந்தக் கழிவில் அர்த்தம் உண்டு, அடுத்த ஆண்டு அவர் வேலையில் இருப்பாரா என்பதே சந்தேகம். கேம் ஆடுபவருக்கு அந்தப் பயம் கிடையாது. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு 38 வயதாகிவிட்ட அணியிடம் 48-வது பிக்கைக் கொடுத்து அடுத்த ஆண்டு முதல் ரவுண்டை வாங்கினால் போதும். அந்த அணி சரிந்து 5-வது பிக் கிடைத்தால் 1700. கோப்பையே வென்று 32-வது பிக் வந்தாலும் 590. எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் இல்லை. ஆண்டுதோறும் இதையே செய்யலாம்.

பாஸ்கெட்பால் ஜிஎம் என்ற கூடைப்பந்து மேனேஜ்மென்ட் கேம் வேறு வழியில் போகிறது. இதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அணியின் பலத்தையும் வெற்றி விகிதத்தையும் வைத்து அந்தப் பிக் எத்தனையாவதாக வரும் என்று கணிக்கிறது. ஆண்டு தள்ளத் தள்ள அந்தக் கணிப்பை நடு இடத்தை நோக்கி இழுக்கிறது. வரப்போகும் மூன்று டிராஃப்டுகளின் வீரர்களையும் முன்கூட்டியே உருவாக்கிவிடுவதால், நல்ல பட்டாளம் வரும் ஆண்டின் பிக்குக்கு விலை ஏறும். இதைவிடக் கெட்டிக்காரத்தனம் கூட்டல் முறையில் இருக்கிறது: ஒவ்வொரு மதிப்பையும் 7-இன் அடுக்குக்கு உயர்த்திவிட்டுத்தான் கூட்டுகிறது. அதன் அமெரிக்கன் ஃபுட்பால் வடிவமான ஃபுட்பால் ஜிஎம்மில் அடுக்கு 3. பாஸ்கெட்பாலில் மதிப்பு 80 உள்ள ஒருவர், 60 உள்ளவரைப் போல் ஏழரை மடங்கு. இரண்டாம் ரவுண்டு பிக்குகளை மூட்டையாகக் கட்டி நட்சத்திரத்தை வாங்கும் தந்திரம் இங்கே பலிக்காது.

குறை இல்லாமல் இல்லை. நான்காம் ஆண்டு பிக்கின் விலை எந்த அணிக்கும் நடுவை நோக்கி நகர்ந்துவிடுகிறது. அப்போது யார் கடைசியில் இருப்பார்கள் என்று ஊகிக்க முடிந்தவருக்கு அதுவே மலிவுச் சந்தை. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் இருப்பதுபோல் முதல் சில இடங்களுக்குள் வந்தால் பிக் கைமாறாது என்று நிபந்தனை போடும் வசதியும் இதில் கிடையாது.

மூன்றாவது வகை: அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் என்ற கேமில் கடிவாளம் உங்கள் கையில். டிரேட் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும், கணினி அணிகள் மூத்த வீரர்களை விரும்புமா இளம் வீரர்களையா என்பதை அமைப்பிலேயே தேர்ந்தெடுக்கலாம். மூத்தவர் பக்கம் அதிகம் தள்ளினால் 34 வயது வீரரைக் கொடுத்து நாளைய நட்சத்திரத்தைத் தட்டிச் செல்லலாம், சுவாரஸ்யம் போய்விடும். இளையவர் பக்கம் ஒரு படி, கடினம் உயர்வாக: இதுதான் சரியான இடம்.

புதிய கேம் வாங்கினால் சீசன் தொடங்கும் முன் மூன்று சோதனை போதும். முதலிட அணியிடமும் கடைசி அணியிடமும் அடுத்த ஆண்டு முதல் ரவுண்டு பிக்கைக் கேளுங்கள். விலை ஒன்றே என்றால் கணிப்பு என்று எதுவும் இல்லை. பிறகு அதே இரு அணிகளிடமும் மூன்றாண்டு தள்ளி உள்ள பிக்கைக் கேளுங்கள். விலை வித்தியாசம் சுருங்க வேண்டும். கடைசியாக, பின்வரிசைப் பிக்குகளைக் குவித்து ஒரு நட்சத்திரத்தைக் கேளுங்கள். மேடன் 24 என்ற அமெரிக்கன் ஃபுட்பால் கேமில் ஒரு பக்கத்துக்கு 3 என்றிருந்த டிரேட் இடங்கள் 6 ஆகிவிட்டதால், அங்கே இந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.