கடலூர் முதுநகரில் அமெரிக்க மாடல் ரயிலுக்குத் துரு அடித்துத் தருகிறார்கள்: கொடுக்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துரு வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். புழுதி வேண்டுமென்றால் கையோடு நிஜ வண்டியின் போட்டோவும் கொடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் அமெரிக்க வண்டி விருத்தாசலம் யார்டில் மூன்று மாதம் நின்ற வண்டி மாதிரி திரும்பி வரும்.

பாண்டியில் நாங்கள் சில பேர் ஹெச்ஓ அளவில் அமெரிக்க சரக்கு ரயில் மாடல்கள் வைத்திருக்கிறோம். கிளப் என்று போர்டு மாட்டுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை, ஒருவர் வீட்டு மாடியில் கூடுவோம், அவ்வளவுதான். ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் எங்கள் வண்டிகளை ஓடவிட்டபோது பெரியவர்கள்கூட "பொம்மை ரயில் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. ஹெச்ஓ என்றால் 87இல் ஒரு பங்கு, நிஜத்தில் 50 அடி நீளமுள்ள பாக்ஸ்கார் (மூடிய சரக்குப் பெட்டி) இதில் ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அளவு, எழுத்து, ஏணி எல்லாம் துல்லியமாக இருந்தும் பிளாஸ்டிக் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடுகிறது. வெயிலிலும் மழையிலும் ஓடிய அடையாளம் வேண்டும். அதற்குப் பெயர் வெதரிங். பொறுமை இருந்தால் நீங்களே செய்யலாம், எனக்கு இல்லை.

அப்போதுதான் முதுநகரில் துறைமுகத்துப் பக்கம் படகுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் ஓர் அண்ணன் சின்னச் சின்ன மாடல்களுக்கும் அடித்துத் தருகிறார் என்று கேள்விப்பட்டோம். பெட்டிக்கு 600 ரூபாய். வெளிநாட்டில் வெதரிங் செய்தே விற்கும் வண்டியைக் கூரியருக்கும் சுங்கத்துக்கும் அழுது வாங்குவதோடு ஒப்பிட்டால் இது மலிவு. மஞ்சள் ரெயில்பாக்ஸ் ஒன்று, கான்ரெயில் என்ற அமெரிக்க ரயில் கம்பெனியின் பழுப்புப் பெட்டி ஒன்று, தானியம் ஏற்றும் சாம்பல் நிற ஹாப்பர் ஒன்று, மூன்றையும் கொண்டுபோனேன். படகுக்கு அடிக்கிற என்சி தின்னரை இதில் ஊற்றினால் பிளாஸ்டிக் உருகிவிடும் என்ற பயம் இருந்தது, அதைத்தான் முதலில் கேட்டேன். சிரித்துவிட்டு அக்ரிலிக் பாட்டில்களைக் காட்டினார். அப்புறம் அவர் கேட்ட கேள்வியில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது: "தம்பி, உப்புக்காத்துல பிடிக்கிற துரு வேற, மழைத்தண்ணி நின்னு பிடிக்கிற துரு வேற. உங்களுக்கு எது?"

ரெயில்பாக்ஸ் வண்டியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். 1974இல் தொடங்கிய நிறுவனம் அது, எந்த ரயில்வேயும் எடுத்துச் சரக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்ற பொதுப் பெட்டிகள். உடம்பு மஞ்சள், கதவு கறுப்பு. பத்து இருபது வருஷம் ஊர் ஊராகச் சுற்றிய அந்த மஞ்சள் எப்படி வெளுக்குமோ அப்படியே வெளுக்க வைத்திருக்கிறார், மேலே அதிகம், கீழே குறைவு. கதவுத் தண்டவாளத்துக்கு அடியில் துருக்கோடு இறங்குகிற இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆணித் தலைக்குக் கீழே கரும்பழுப்பில் ஒரு புள்ளி, அதற்குள் ஆரஞ்சில் இன்னும் சின்னப் புள்ளி, ஈரம் காய்ந்த பிரஷால் கீழ்நோக்கி ஒரே இழுப்பு, இழுத்த கோடு போகப்போக மங்கிக் கரைகிறது. ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு நீளம். பெயிண்ட் உரிந்த இடங்களுக்கு உப்பு வைத்து அடிக்கிறார்: துரு நிறத்தின்மேல் தண்ணீர் தொட்டு உப்புத் தூவி, மேலே மஞ்சள் ஸ்பிரே, காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டால் அடியிலிருந்து துரு எட்டிப் பார்க்கும். இது உலகம் முழுக்க மாடல்காரர்கள் செய்வதுதான். ஆனால் இவர் கல் உப்பைத் தொடுவதில்லை, தூள் உப்புதான். கணக்குப் போட்டால் காரணம் புரியும், 2 மில்லிமீட்டர் கல் ஒன்று 87 மடங்கில் 17 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும், அது பெயிண்ட் உரிந்த மாதிரி இருக்காது, யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி இருக்கும்.

ஹாப்பரில்தான் சறுக்கல். கன்சாஸில் கோதுமை ஏற்றும் வண்டிக்கு நம் கூட்ஸ் வண்டியின் செம்பழுப்புப் புழுதியை அச்சில் தொடங்கி இடுப்பு வரை பூசி வைத்திருந்தார். வேலை சுத்தம், ஊர்தான் தப்பு. அங்கே வெளிர் மண் நிறம் வேண்டும், கூரை மூடிகளைச் சுற்றித் தானியத்தூள் படிந்திருக்க வேண்டும். போட்டோ காட்டியதும் மறுபேச்சில்லாமல் துடைத்து மறுபடி செய்து கொடுத்தார், கூடுதல் காசு கேட்கவில்லை. புழுதிக்குப் பவுடர் போட்டு அதை மேலே வார்னிஷ் அடித்து இறுக்குவதற்கு முன்னாலேயே போய்ப் பார்த்துவிடுங்கள், இறுக்கிய பிறகு துடைக்க வராது.

போட்டோவிலும் கவனம் வேண்டும், ஏனென்றால் கொடுத்த படத்தில் இருப்பதை அவர் அப்படியே வரைந்துவிடுவார். பெட்டியின் பக்கவாட்டில் மஞ்சள் அல்லது வெள்ளையில் ஒளிரும் பட்டைகள் தெரிந்தால் அந்தப் படம் அநேகமாக 2005க்கு அப்புறம் எடுத்தது, அந்த வருஷம் வந்த விதிப்படிதான் சரக்கு வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒட்ட ஆரம்பித்தார்கள். என் கான்ரெயில் 80களில் ஓடுகிற வண்டி, அதில் பட்டை வந்தால் சிரிப்புத்தான். அதே வண்டியில் கறுப்புச் சதுரத்துக்குள் ஒரு மஞ்சள் வட்டம் இருக்கும், 1978இல் சக்கரச் சோதனை முடிந்ததற்கு வைத்த அடையாளம், அதை அழுக்கில் மூடிவிட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மூடவில்லை.

எரிச்சலான ஒரு விஷயம். ஸ்பிரே அடிக்கும்போது சக்கரத்தையும், பெட்டிகளை ஒன்றோடொன்று கோக்கும் கப்ளரையும் மறைக்கவே இல்லை. சக்கரத்தில் திட்டுத்திட்டாகப் பெயிண்ட், வண்டி குலுங்கிக்கொண்டு ஓடியது. காடி கம்பெனி கப்ளரின் தலைமுடி கனத்தில் இருக்கும் அந்தக் குட்டி ஸ்பிரிங் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு நுணுக்கமாகத் துரு இழுக்கிற கைக்கு இரண்டு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்ட என்ன கஷ்டம் என்று தெரியவில்லை. போகி (சக்கரங்கள் பொருத்திய அடிச்சட்டம்), கப்ளர் இரண்டையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு உடம்பை மட்டும் கொடுங்கள். இன்ஜினாக இருந்தால் மேல்கூட்டை மட்டும் கொடுங்கள், சக்கரத்தின் வழியாகத்தான் அதற்குக் கரண்டே வர வேண்டும்.

சொன்ன தேதியில் கிடைக்குமா என்றால், ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை கிடைக்காது. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையேறிப் பெயிண்டுக்கு வரிசையில் நிற்கும், உங்கள் ஏழு அங்குலப் பெட்டியை யாரும் தொடமாட்டார்கள். மற்ற மாதங்களில் பத்து நாள் கணக்கு வைத்துக்கொள்ளலாம். பேக்கிங் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள், செய்தித்தாளில் சுற்றித் தருவார், டப்பாவை நீங்களே கொண்டுபோங்கள்.