மோட்ரிச், மானே: யாருடைய தொடக்கம் கடினம்?

குரோவேஷியாவின் லூக்கா மோட்ரிச், செனகலின் சாடியோ மானே. இருவருமே கால்பந்து வீரர்கள், சிறு வயதில் நிறைய இழந்தவர்கள். ஆனால் இழந்த விதம் வேறு.

மோட்ரிச்சிடமிருந்து பறித்தது குரோவேஷிய விடுதலைப் போர். 1991 டிசம்பரில், அவருக்கு ஆறு வயது இருக்கும்போது, தாத்தாவைச் செர்பியக் கிளர்ச்சிப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். வீடும் எரிந்தது. குடும்பம் ஸாதர் நகருக்கு ஓடி, அகதிகள் தங்கிய ஓட்டல்களில் வருடக்கணக்கில் காலம் தள்ளியது. குண்டு விழும் ஊரில் ஓட்டலின் கார் நிறுத்துமிடம்தான் அவருக்கு மைதானம். அப்புறம் ஹைதுக் ஸ்ப்லிட் அணி, உடம்பு போதாது என்று திருப்பி அனுப்பியது.

மானேவின் ஊர் பம்பாலி. அப்போது அங்கே மருத்துவமனையே கிடையாது. அவருக்கு ஏழு வயதில் அப்பா நோயில் இறந்தார். பந்தை விட்டுவிடு என்றது வீடு. பதின்ம வயதில் யாரிடமும் சொல்லாமல் தலைநகர் டக்காருக்குக் கிளம்பினார். தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள். பிறகு கால்பந்து அணித் தேர்வுக்குப் போனபோது காலில் கிழிந்த பூட்ஸ். இதைப் போட்டுக்கொண்டா ஆடப்போகிறாய் என்று ஒரு பெரியவர் கேட்டதை மானேவே சொல்லியிருக்கிறார். 2011-இல் பிரான்சின் மெட்ஸ் அணி. பத்து வருடம் கழித்து, பம்பாலிக்கு அவர் பணத்திலேயே மருத்துவமனை.

என்னைக் கேட்டால், மானே கடந்து வந்ததுதான் கடினம். மோட்ரிச்சின் துயரம் கொடியது, சந்தேகமே இல்லை. ஆனாலும் அவருக்கு அப்பா துணை இருந்தார். தோமிஸ்லாவ் பாசிச் என்ற பயிற்சியாளர் கைவிடாமல் வளர்த்தார். மானே முதலில் தன் வீட்டையே சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது.