‘ரெண்டு கார்டு தாராளமா போடலாம் சார்’: மதர்போர்டு வாங்கி ஏமாந்த அனுபவம்

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து வருகிறேன். வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்பே புதிய கணினியைத் தயார் செய்துவிட வேண்டும் என்று, இந்தப் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் பலரும் போகும் ஒரு கடைக்குச் சென்றேன். இன்டெல் ஐ7-13700கே பிராசஸரை ஓவர்க்ளாக் செய்ய வேண்டும் (அதாவது அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்ட வேண்டும்), கிராபிக்ஸ் கார்டு இரண்டு போட வேண்டும் என்று தெளிவாகவே சொன்னேன். கடைக்காரர் ஒரு மதர்போர்டை எடுத்து வைத்து, இரண்டுக்கும் இதுவே போதும் என்று உறுதி சொல்லி 26,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில்லில் ‘மதர்போர்டு - 1’ என்று மட்டும் இருந்ததை அன்று நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸைத் திறந்தபோது, பிராசஸரின் வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிபிளையர் எண்ணை உயர்த்தவே முடியவில்லை. அதன் பிறகுதான் பெட்டியைப் பார்த்தேன்; போர்டில் என்னென்ன வசதி உண்டு என்பதைத் தீர்மானிக்கும் சிப்செட், பி760. இன்டெல்லின் ‘கே’ பிராசஸர்களுக்கு மல்டிபிளையரை உயர்த்தும் வசதி இசட் வரிசைச் சிப்செட்டுகளில்தான் உண்டு. பி760 போர்டில் ராமின் வேகத்தைக் கூட்டலாம், அவ்வளவுதான். ‘கே’ என்ற எழுத்துக்காக நான் கூடுதலாகக் கொடுத்த பணம் வீணானது.

அதைவிட என்னை வருத்தியது, கிராபிக்ஸ் கார்டைச் செருகும் இரண்டாவது ஸ்லாட். போன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தபோது, முதல் ஸ்லாட்டில் நீளம் முழுக்கப் பின்கள் மின்னின. இரண்டாவதிலோ பாதித் தூரம்கூட வராமல் பின்கள் நின்றுபோய், மிச்சம் வெறும் பிளாஸ்டிக் பள்ளமாக இருந்தது. 164 பின்கள் இருக்க வேண்டிய நீளத்தில் 64 பின்கள்தான் இருந்தன. பிராசஸர் கிராபிக்ஸுக்குத் தரும் 16 லேன்களை (தரவு போய்வரும் தடங்களை) இரண்டு ஸ்லாட்டுக்கும் எட்டு எட்டாகப் பிரிக்க இசட்790 சிப்செட் இடம் கொடுக்கிறது, பி760 கொடுப்பதில்லை. ஆகவே இரண்டாவது கார்டுக்குச் சிப்செட் வழியாக நான்கு லேன்களே கிடைக்கின்றன. அவையும் எஸ்எஸ்டி, யூஎஸ்பி எல்லாம் போகும் அதே பாதையில்தான் போக வேண்டும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்பவருக்கு, காட்சி ஒருமுறை கார்டின் நினைவகத்தில் ஏறிவிட்டால் போதும் என்பதால், இது பெரிய இழப்பல்ல. 4கே பிரேம்கள் ஓயாமல் கார்டுக்குப் போய்த் திரும்பும் என் வேலைக்கு இது உண்மையான இழப்பு.

கேம் விளையாடினாலும் இரண்டு கார்டில் இரட்டிப்பு வேகம் வரும் என்று கடைக்காரர் சொன்னதும் தவறு. இரண்டு கார்டுகளை ஒரே கேமுக்குச் சேர்ந்து உழைக்க வைக்கும் எஸ்எல்ஐ முறைக்குப் புதிய புரொஃபைல்கள் (கேம் வாரியான அமைப்புகள்) சேர்ப்பதை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் இரு கார்டுகளை இணைக்கும் கனெக்டரே கிடையாது.

இசட் என்ற எழுத்தை மட்டும் நம்பியும் வாங்கிவிடாதீர்கள். இசட்790 போர்டுகளிலும் பலவற்றில் இரண்டாவது ஸ்லாட் நான்கு லேன்தான். தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் ‘எக்ஸ்8/எக்ஸ்8’ என்று இருக்கிறதா என்று பார்த்து, மாடல் பெயரை முழுமையாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் ஓவர்க்ளாக் செய்ய நினைப்பவர்கள், பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும், அதைச் சுற்றியுள்ள விஆர்எம் பகுதியில் வெப்பத்தை வெளியேற்றும் கனமான ஹீட்சிங்க் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பிரித்த பெட்டியைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பில்லில் மாடல் இல்லாத நிலையில், வாங்குவதற்கு முதல் நாள் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ‘ரெண்டு கார்டு தாராளமா போடலாம் சார்’ என்ற செய்தியைத்தான் ஆதாரமாக இணைத்துள்ளேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.